இறகு உதிர்த்த கோழி மீண்டும் முட்டையிடுவது எப்போது?

ஐப்பசி மாதத்து முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை வேளை. எமது அயல் வீட்டு மருமகள் முற்றம் கூட்டுவதற்காக விளக்குமாற்றுடன் கோழிக்கூட்டுப் பக்கம் போனவள் திடுக்கிட்டு நின்றுவிட்டாள். நிலமெங்கும் இறகுகள் சிதறிக் கிடந்தன. இரவில் மரநாய் புகுந்துவிட்டது என்பதே அவள் மனத்தில் எழுந்த முதல் எண்ணம். பதைபதைப்புடன் கூட்டைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். ஒரு கோழியேனும் குறையவில்லை. ஆனால், முதல் நாள்வரை பளபளவென்று திரிந்த சிவப்புப் பேடு வாலிழந்து, கழுத்து மெலிந்து, நனைந்த கந்தைத் துணிபோலக் கிடுகு வேலியோரம் ஒதுங்கி நின்றது. அது வழக்கமாக முட்டையிடும் பழைய கடகத்துள் வைக்கோல் மட்டுமே கிடந்தது.

“இது இனி முட்டை போடாது, பிள்ளை. தீபாவளிக்கு முதல் வித்துப்போடு. இல்லையெண்டால் சட்டியிலை வை” என்றார் மாமியார்.

“கொஞ்சம் பொறுங்கோ மாமி. இவ்வளவு நாளும் போட்ட கோழிதானே” என்றாள் மருமகள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கோழி வளர்க்கும் வீடுகள் பலவற்றில் ஆண்டுதோறும் நடைபெறும் உரையாடல் இது. பெரும்பாலும் மாமியார் கட்சியே வென்றுவிடுகிறது. சைக்கிளில் வரும் கோழி வியாபாரி கூடையை இறக்குகிறார், பேடு போய்விடுகிறது. அது மீண்டும் முட்டையிட இன்னும் எத்தனை நாள் இருந்தது என்பதை அதன்பின் எவரும் அறிவதில்லை.

சிறிய விஷயந்தானே என்று வாசகர்கள் எண்ணலாகாது. முட்டை விற்ற காசு நமது கிராமங்களில் பெண்கள் எவரிடமும் கணக்குச் சொல்லாமல் எடுத்தாளும் காசு. பிள்ளையின் கொப்பியும் பென்சிலும், கோயில் அருச்சனையும், சில வேளைகளில் சீட்டுப் பணமும் அதிலிருந்தே வரும். வீட்டில் ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கவேண்டும். அதற்குக் கடை முட்டையைவிட ஊர்க்கோழி முட்டையையே தேடுவர். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது கோழித் தீவனம் அருகி விலையேறியதும், முட்டை உற்பத்தி குன்றியதும், 2023இல் இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்ய நேர்ந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். கொல்லையில் நான்கு பேடுகள் வைத்திருந்த வீட்டார் அக்காலத்தில் அவற்றின் அருமையை நன்கு உணர்ந்தனர். அத்தகைய பேடு ஒன்றை விற்பதா, வைத்திருப்பதா என்பது சிந்தித்துச் செய்யவேண்டிய காரியமே.

முதலில் இந்த இறகுதிர்ப்பு என்பது யாது? நோய் அன்று, முதுமையும் அன்று. பறவையினம் முழுவதற்கும் இயற்கை விதித்த ஒழுங்கு அது. இறகு, நமது நகமும் தலைமயிரும் போல, வளர்ந்து முடிந்தபின் உயிரற்ற பொருள். மழையும் வெயிலும் புழுதியும் பட்டு ஓராண்டில் அது தேய்ந்து கிழிந்துவிடும். கிழிந்ததைத் தைக்க வழியில்லை; களைந்துவிட்டுப் புதிதாக உடுத்துவதே வழி. குஞ்சுப் பருவத்தில் சிறு சிறு மாற்றங்கள் நிகழ்ந்து முடிந்தபின், பேடு முட்டையிடத் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டானதும், அதாவது ஒன்றரை வயதை அண்டியபோது, முதலாவது முழு உதிர்ப்பு வருகிறது. தலையிலும் கழுத்திலும் தொடங்கி, நெஞ்சு, உடல், செட்டை, வால் என்று ஒழுங்காகச் செல்லும். சில கோழிகள் மாத்திரம் இந்தச் சிவப்புப் பேட்டைப்போல ஓரிரு நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெட்கங்கெட்டு நிற்பதும் உண்டு.

இறகுக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று மாணவர்கள் வினவலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோழியின் உடல் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 6 பங்கு இறகு. 2 கிலோ எடையுள்ள பேட்டின் மீது 120 கிராம் இறகு இருக்கும். இறகிலே பத்தில் ஒன்பது பங்கு புரதம்; ஆகவே சுமார் 108 கிராம் புரதம். ஒரு முட்டையில் உள்ள புரதம் 6 கிராம் அளவு. எனவே ஒருமுறை உடை மாற்றுவதற்குப் பேடு செலவிடும் புரதம் 18 முட்டைக்கு ஈடானது. உண்ணும் புரதம் முழுவதும் இறகாகிவிடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் செலவு இன்னும் கூடும். ஒரே கையால் இரண்டு அடுப்பை மூட்ட முடியாது. ஆகையால் கோழியின் உடல் முட்டை அடுப்பை அணைத்துவிடுகிறது. சூற்பை சுருங்குகிறது. முட்டை வரும் குழாய், முட்டையிடும் காலத்தில் இருந்ததில் ஒரு சிறு பங்காகக் குறுகிவிடுகிறது. கொண்டை வெளிறிச் சிறுக்கிறது. இந்த ஓய்வு வீண் போவதுமில்லை. ஓராண்டு ஓயாமல் ஓடு சுரந்து தளர்ந்துபோன உறுப்புகள் இக்காலத்தில் புதுப்பிக்கப்படுகின்றன. உதிர்ப்புக்கு முந்திய வாரங்களில் மெல்லிய ஓட்டுடன் முட்டையிட்ட கோழி, உதிர்ப்பு முடிந்தபின் திடமான ஓட்டுடன், முன்னிலும் பெரிய முட்டையாக இடுவது இதனாலேயே.

உதிர்ப்பை எது தொடக்கி வைக்கிறது? மேல்நாட்டு நூல்கள் இதற்கு ஒரே விடை கூறும்: பகற்பொழுது குறைதல். கோழி வெளிச்சத்தைக் கண்ணால் மாத்திரம் உணர்வதில்லை. மண்டையோட்டை ஊடுருவிச் செல்லும் ஒளியை அதன் மூளையே நேரில் உணர்கிறது. பார்வையிழந்த வாத்துகளும் ஒளிக்கு இணங்கி இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாவதை 1930களில் பிரான்சு நாட்டு விஞ்ஞானி ழாக் பெனுவா காட்டியபோது பலர் நம்ப மறுத்தனராம். பகல் நீளும்போது முட்டைக்கும், குறுகும்போது உதிர்ப்புக்கும் உடல் ஆயத்தமாகிறது.

ஆனால் இங்கேதான் நமது ஊருக்கும் மேல்நாட்டுக்கும் வேற்றுமை. இலண்டனில் யூன் மாதத்தின் மிக நீண்ட பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரின் மிகக் குறுகிய பகல் எட்டு மணிக்கும் குறைவு. ஏறக்குறைய 9 மணி நேர வித்தியாசம். பூமத்திய ரேகைக்கு அண்மையில், வட அகலக்கோடு 10 பாகைக்குச் சற்றுக் கீழே கிடக்கும் யாழ்ப்பாணத்திலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணியும் சில நிமிடங்களுமே. அங்கே சூரியன் பறையறைந்து சொல்வதை இங்கே காதோடு காதாகச் சொல்கிறது. ஆகவே நமது கோழிகள் யாவும் ஒரே வாரத்தில் உதிர்ப்பதில்லை. மாரி மூட்டமும் வாடைக்காற்றின் குளிரும் சேர்ந்துகொள்வதால் ஐப்பசி, கார்த்திகையில் பல உதிர்க்கின்றன. சில சோளகக் காற்று வீசும் வெப்ப காலத்திலேயே உதிர்த்துவிடுகின்றன. இரை குறைதல், ஒரு நாள் தண்ணீர் வைக்க மறத்தல், நாய் துரத்திய பயம், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றுதல் ஆகியனவும் காலமல்லாக் காலத்தில் உதிர்ப்பை வரவழைக்கும். கோழி பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. எனவே “மேல்நாட்டுப் புத்தகத்தில் செப்டெம்பர் என்று இருக்கிறதே” என்று அதனுடன் வாதாடிப் பயனில்லை.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். உதிர்ப்பு எத்தனை நாள்? பொதுவாக இரண்டு மாதத்திலிருந்து நான்கு மாதம். அப்படியானால் இரண்டு மாதத்தில் திரும்பும் கோழி எது, நான்கு மாதமும் அதற்கு மேலும் இழுக்கும் கோழி எது? இதை அறிவதற்குச் சோதிடம் வேண்டியதில்லை. செட்டையை விரித்துப் பார்த்தாற் போதும்.

மாலையில் கோழி கூட்டில் அடைந்தபின் மெதுவாகத் தூக்கி ஒரு செட்டையை விரியுங்கள். நடுப்பகுதியில் மற்றவற்றைவிடக் குட்டையான ஓர் இறகு தெரியும். அதற்கு உடற்பக்கமாக உள்ளவற்றை விட்டுவிட்டு, வெளிப்பக்கமாக உள்ளவற்றை எண்ணுங்கள். பத்து நீண்ட இறகுகள் இருக்கும். உதிர்ப்பு அந்தக் குட்டை இறகை அடுத்து உள்ளதிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக நுனியை நோக்கிச் செல்லும். உதிர்ந்த இடத்தில் புதிய இறகு முழுதாக வளர ஏறக்குறைய 6 வாரம் செல்லும். மந்தமான கோழி ஓர் இறகை உதிர்த்து, இரண்டு வாரம் சென்றே அடுத்ததை உதிர்க்கும். பத்தாவது இறகு விழுவதற்குள் 18 வாரம் ஓடிவிடும். அது வளர இன்னும் 6 வாரம். ஆக 24 வாரம், அரை ஆண்டு! சுறுசுறுப்பான கோழியோ மூன்று நான்கு இறகுகளை ஒருசேர உதிர்க்கும். மூன்று தவணையில் பத்தும் விழுந்துவிட்டால், நான்கு வாரமும் ஆறு வாரமுமாகப் பத்து வாரத்தில் வேலை முடிந்தது. ஒவ்வோர் இறகும் வளர எடுக்கும் காலம் இரண்டுக்கும் ஒன்றே. எத்தனை இறகு ஒரே நேரத்தில் வளர்கின்றன என்பதிலேதான் வித்தியாசம்.

இதிலிருந்து ஒரு விசித்திரமான உண்மை புலனாகிறது. எந்தக் கோழி பார்வைக்கு மிகவும் அலங்கோலமாக, உரித்த கோழிபோல நிற்கிறதோ அதுவே விரைவில் முட்டைக்குத் திரும்பும் கோழி. அதுமட்டுமன்று. நன்றாக முட்டையிடும் பேடு ஆண்டின் கடைசிவரை இட்டுவிட்டு, மிகப் பிந்தியே உதிர்க்கத் தொடங்கும். சோம்பேறிப் பேடு முந்தி உதிர்க்கத் தொடங்கும், பிந்தி முடிக்கும், அதற்கிடையில் ஓர் இறகு இங்கும் ஓர் இறகு அங்குமாக உதிர்ப்பதால் பார்வைக்கு அழகாகவே இருக்கும். நாமோ அழகாக இருப்பதைக் கூட்டில் வைத்துக்கொண்டு, அலங்கோலமானதை வியாபாரியின் கூடையில் போடுகிறோம். ஆண்டுதோறும் இப்படிச் செய்யும் வீட்டில் நாலைந்து வருடத்தின்பின் எஞ்சி நிற்பவை எத்தகைய கோழிகளாக இருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டில் முட்டைத் தொகை முதலாம் ஆண்டைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணைக்காரர் அந்தக் குறைவைத் தாங்கமாட்டார். ஒன்றரை வயது வந்ததும் கூட்டத்தையே கழித்துவிடுவார். சில நாடுகளில் பண்ணையினர் கோழிகளைப் பல நாள் பட்டினி போட்டு, கூட்டம் முழுவதையும் ஒரேயடியாக உதிர்க்கச் செய்து, மறுபடி முட்டைக்குக் கொண்டுவரும் முறையைக் கையாண்டனர். அது கொடுமை என்று கண்டு ஐரோப்பிய நாடுகள் அதனைத் தடுத்துவிட்டன. கொல்லையில் நாலு பேடு வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர் கோழி பாதித் தீனியைத் தானே தேடிக்கொள்கிறது. பண்ணையிலிருந்து கழித்த கோழியை மலிவாக வாங்கி வந்து, சில கிழமைகளில் அது இறகு கொட்டக் கண்டு, “ஏமாற்றிவிட்டார்கள்” என்று நொந்துகொள்பவர்களும் உண்டு. ஏமாற்று ஒன்றுமில்லை. அந்த வயது உதிர்ப்புக்குரிய வயது. இடமாற்றமும் சேர்ந்து அதை விரைவுபடுத்திற்று. நோயற்ற கோழியாயின் பொறுத்திருந்தால் முட்டை வரும்.

உதிர்ப்பையும் அடைகாப்பையும் ஒன்றோடொன்று மயங்கலாகாது. ஊர்க்கோழி பத்துப் பதினைந்து முட்டையிட்டதும் அடைக்குக் கிடக்கும். அப்போதும் முட்டை நின்றுவிடும்; நெஞ்சு இறகு குறைந்து தோல் தெரியும். ஆனால் அடைக்கோழி கூட்டைவிட்டு எழாது. கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். உதிர்க்கும் கோழி சண்டைக்கு வராது, ஒதுங்கும், பதுங்கும். முதுகில் அல்லது எச்சவாயைச் சுற்றி மட்டும் இறகில்லாமல், புதுக்குருத்து ஒன்றும் முளைக்காமல் இருந்தால் பேனோ செள்ளோ மற்றக் கோழிகளின் கொத்தோ காரணமாகலாம். தலை தொங்கி, மூக்கொழுகி, பச்சையாகக் கழிந்தால் அது வேறு விஷயம். மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இப்போது தீனி. இறகுக்கு வேண்டிய புரதத்தில் கந்தகம் கலந்த சத்து மிகுதியாக இருத்தல் அவசியம். இவ்விடயத்தில் யாழ்ப்பாணத்தார் அதிர்ஷ்டசாலிகள். செக்கிலிருந்து வரும் எள்ளுப் பிண்ணாக்கில் அந்தச் சத்து தாராளமாக உண்டு. பிண்ணாக்கு வகைகளில் இதற்கு ஒப்பானவை சிலவே. தேங்காய்ப் பிண்ணாக்கில் உள்ள புரதம் அதில் பாதியளவே. எள்ளுப் பிண்ணாக்கில் ஒரு குறை உண்டு; அதைத் தீர்ப்பது மீன். சூடை, நெத்தலி துப்புரவாக்கும்போது எறியும் தலையையும் குடலையும் அவித்துக் குறுணலுடனோ தவிட்டுடனோ பிசைந்து வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்யும். கருவாட்டுத் தூளை அப்படியே போடலாகாது. உப்பு கோழிக்குக் கேடு. கழுவி ஊறவைத்து உப்பை அகற்றிய பின்னரே கொடுக்கவேண்டும். கறையான் புற்றை வெட்டிக் கொண்டுவந்து உதறிவிடுவது நமது பாட்டிமார் குஞ்சுகளுக்குச் செய்த உபசாரம். தாய்க்கும் அது நல்ல மருந்து. முதல் மழைக்கு ஈசல் கிளம்பும்போது உதிர்க்கும் கோழிகள் ஓடி ஓடிக் கொத்துவதைக் கண்டிருப்பீர்கள். இயற்கையே உரிய வேளையில் பந்தி வைக்கிறது!

முட்டை நின்றிருக்கும் காலத்தில் சிப்பித் தூளைத் தீனியிற் கலத்தல் தவறு. ஓடு செய்ய வேலையில்லாதபோது மிகுதியான சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு சிரட்டையில் தனியாக வைத்துவிட்டால் வேண்டியபோது வேண்டிய அளவு அதுவே எடுத்துக்கொள்ளும். புதிய இறகுக்குருத்துகளினுள் இரத்தம் ஓடுவதால் தொட்டால் வலிக்கும். உடைந்தால் இரத்தம் கசியும். ஆகையால் செட்டை பார்ப்பதற்கன்றி அடிக்கடி பிடிக்கலாகாது. பிள்ளைகளைத் துரத்த விடலாகாது. கூடு ஒழுகாமல் இருக்கவேண்டும். உடுப்பில்லாதவன் மாரி மழையில் படும்பாடுதான் அதற்கும்.

புது இறகு வளர்ந்து மினுங்கத் தொடங்கியதும், “நாளைக்கு முட்டை” என்று கடகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம். இறகு முடிந்தபின்னரே சூற்பை விழிக்கிறது. முதலில் கொண்டையைக் கவனியுங்கள். வெளிறிச் சுருங்கியிருந்த அது மெல்ல மெல்லச் சிவந்து, பருத்து, தொட்டால் சூடாக இருக்கும். பின்பு எச்சவாயின் இரு பக்கத்திலும் உள்ள எலும்பு முனைகளைத் தடவிப் பாருங்கள். ஓய்ந்திருக்கும் கோழியில் அவற்றிடையே ஒரு விரல் நுழைவதே அரிது. முட்டைக்கு ஆயத்தமான கோழியில் இரண்டு மூன்று விரல் நுழையும். ஒரு மஞ்சட்கரு நிறைவதற்குப் பத்து நாள் வரை செல்லும்; வெள்ளைக்கருவும் ஓடும் சேர ஒரு நாளுக்குச் சற்று மேல். ஆகவே கொண்டை சிவக்கத் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் முதல் முட்டையை எதிர்பார்க்கலாம். கோழி கடகத்துள் ஏறி இறங்கி, வைக்கோலைக் காலால் கிளறி, கேறத் தொடங்கினால் இன்னும் கிட்ட வந்துவிட்டது என்று பொருள்.

முதலில் வரும் முட்டைகளை உடனே அடைக்கு வைத்துவிடலாகாது என்பது என் அபிப்பிராயம். சேவலும் உதிர்ப்புக்கு உட்பட்டதே. அக்காலத்தில் அதன் வீரியமும் குன்றியிருக்கும். மூன்று வாரம் பொறுத்து வைத்தால் கூழ்முட்டை குறையும். தை மாதத்தில் இடத்தொடங்கிய பேட்டின் முட்டையை மாசியில் வைத்தால் குஞ்சு பொரிப்பது 21 நாளில். பங்குனி வெயிலில் குஞ்சுகள் ஈரம்படாமல் வளரும்.

சிவப்புப் பேட்டின் கதையை இடையில் விட்டுவிட்டேன். தீபாவளிக்கு முதல் நாள் வியாபாரி வந்தார். மாமியார் விலை பேசினார். இறகில்லாத கோழிக்கு அவர் சொன்ன விலை மாமியாருக்கே பிடிக்கவில்லை. தீபாவளி கழிந்ததும் கந்தசஷ்டி விரதம் தொடங்கிற்று. ஆறு நாளும் அவ்வீட்டில் மச்சமாமிசம் இல்லை. அதற்குள் கழுத்தில் முள்முள்ளாகக் குருத்துகள் அரும்பிவிட்டன. மருமகள் அதன் காலில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அன்றைய தேதியைச் சுற்றி வட்டமிட்டாள். மார்கழி முடிவில் கொண்டை சிவந்தது. பொங்கல் கழிந்து ஐந்தாம் நாள் காலையில் கடகத்துள் ஒரு முட்டை கிடந்தது. இளஞ்சூடாக, பழைய முட்டைகளிலும் ஒரு சுற்றுப் பெரிதாக. உதிர்ப்புத் தொடங்கிப் பன்னிரண்டு வாரம் சென்றிருந்தது.

அதை முதலில் கண்டெடுத்தவர் மாமியார்தான். “உன்ரை கோழி போட்டிருக்குது, பிள்ளை” என்று குசினி வாசலில் நின்று நீட்டினார். கோழியை விற்கச் சொன்னது பற்றி அவரும் பேசவில்லை; மருமகளும் கேட்கவில்லை.